நகரத்து வீட்டின் வரவு செலவு

(ராயகிரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



'நகர வாழ்வில் தற்சார்பு' என்று தலைப்புக் கொடுத்தபோது அமைப்பாளர்களில் ஒருவர் தயங்கினார். மலையடிவாரத்தில், வயலும் தோப்பும் பார்த்து வளர்ந்தவர்களிடம் நகரத்தைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்றார். இரண்டு காரணம் சொன்னேன். ராயகிரி ஒரு பேரூராட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பேரூராட்சிகள் நகர்ப்புறத்தில்தான் சேரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகர்ப்புறத்தார். அந்த நாற்பத்தெட்டில் நீங்களும் உண்டு. அடுத்தது, சென்னையிலோ கோவையிலோ திருப்பூரிலோ பிள்ளைகள் இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. ராஜபாளையத்திலோ சங்கரன்கோவிலிலோ பொதிகை எக்ஸ்பிரஸ் நிற்கும்போது ஏற்றப்படும் பைகளைப் பாருங்கள். அரிசி, தேங்காய், எலுமிச்சை, கருப்பட்டி, வடகம், வீட்டில் இடித்த மிளகாய்ப் பொடி. அந்தப் பைகள் போய்ச் சேருகிற வீடுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

தற்சார்பு என்றவுடன் மொட்டை மாடியில் காய்த்துத் தொங்கும் கத்தரிச் செடிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. எனக்கும் அந்தச் செடி பிரியமானதுதான். ஆனால் அதிலிருந்து ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும். நாலு பேர் உள்ள குடும்பம். ஆளுக்கு மாதம் ஏழு கிலோ அரிசி. ஆண்டுக்கு 336 கிலோ. அதற்கு ஏறத்தாழ 500 கிலோ நெல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் விளைகிற வயல் என்றால் கால் ஏக்கர், அதாவது 10,890 சதுர அடி. சென்னை அடுக்ககத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்கு மொட்டை மாடியில் பங்கு என்று இருநூறு சதுர அடி தேறினால் பெரிய காரியம். அம்பை 16 நெல் விளைய வயலும் ஆற்றுத் தண்ணீரும் வேண்டும், வேளச்சேரி மாடி போதாது. பருப்பு, எண்ணெய், பால் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. நகரம் தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அப்படியானால் நகரத்தில் தற்சார்பு என்று எதைச் சொல்வது? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து ராஜபாளையம், திருவில்லிபுத்தூர் தாண்டி மதுரைச் சாலையில் போனால் டி. கல்லுப்பட்டி. அங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்தவர் ஜே. சி. குமரப்பா. 1892-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தி, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துவிட்டு காந்தியிடம் வந்து சேர்ந்தார். 1934-ல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோளில் சுமந்தார். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் சிறையில் எழுதப்பட்டது. 1960 ஜனவரி 30-ல், காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

குமரப்பாவின் எழுத்தை அறவுரையாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அதைத் தணிக்கை அறிக்கையாகப் படிக்கிறேன். ஒரு பொருளை வாங்குகிறவர், அது எப்படி உண்டாயிற்று, யார் வயிற்றில் அடித்து உண்டாயிற்று என்பதற்கும் பொறுப்பாளி என்பது அவர் வாதம். உண்டாக்குகிறவருக்கும் பயன்படுத்துகிறவருக்கும் நடுவே தூரம் கூடக் கூட அந்தப் பொறுப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார். நகரத்து வீட்டை இந்தத் தணிக்கைக்கு உட்படுத்திப் பார்க்கலாம். உள்ளே வருவது எது, எங்கிருந்து வருகிறது? வெளியே போவது எது, யார் தலையில் போய் விழுகிறது? இந்த இரண்டு பத்தியையும் எவ்வளவு நேர் செய்கிறதோ அவ்வளவுக்கு அந்த வீடு தற்சார்புடையது. நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சமெல்லாம் இதன் விவரம்.

முதலில் தண்ணீர். சென்னையின் வரவுப் பத்தியைப் பாருங்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் நிறைந்தால் சுமார் 11 டிஎம்சி. அது போதாமல் 1996 முதல் ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர். 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டுத் தண்ணீர். 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், ஒவ்வொன்றும் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். இவ்வளவும் இருந்தும் 2019 கோடையில் ஏரிகள் காய்ந்து வெடித்தன. அந்த ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன்னால்தான், 2015 டிசம்பர் 1-ல், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டி, தெருக்களில் படகு விட்டார்கள். வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த மாவட்டத்துத் தண்ணீருக்குக் கை நீட்டிய நகரம் அது.

இனி ஒரு வீட்டின் கணக்கு. சென்னையில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர் வருகிறது. முதல் மழையில் கழுவி விடுவது, ஆவியாவது, சிந்துவது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நகரவாசிக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு வகுத்த அளவு. நாலு பேருக்கு ஆண்டுக்கு 1,97,000 லிட்டர். தனி வீடாக இருந்தால் தேவையில் பாதி தலைக்கு மேலேயே வந்து விழுகிறது. அடுக்ககத்தில் மாடி பல குடும்பத்துக்குப் பங்காகும், அளவு குறையும். ஆனாலும் வாங்க வேண்டிய தண்ணீர் லாரிகளின் எண்ணிக்கை குறையும்.

ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும் மழையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். இதற்கு உங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம் பக்கத்தில் ஒரு குளம் நிறைந்தால் மறுகால் பாயும். அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். அதுவும் பெருகினால் அதற்கடுத்த குளம். நகரத்து வீட்டையும் அப்படித்தான் அமைக்க வேண்டும். மாடித் தண்ணீருக்கு முதல் குளம் தரையடித் தொட்டி, அதுதான் சம்ப். பத்து சென்டிமீட்டர் மழை பெய்கிற நாளில் அந்த ஆயிரம் சதுர அடியிலிருந்து ஏழாயிரம் லிட்டருக்கு மேல் இறங்கும். சம்ப் நிறைந்தால் அதன் மறுகால் கிணற்றுக்குப் போக வேண்டும். கிணறு இல்லாத மனையில் சிமெண்ட் உறை இறக்கி, பத்துப் பதினைந்து அடியில் ஓர் உறிஞ்சுகிணறு. அதுவும் பெருகினால்தான் தெருவுக்கு விட வேண்டும். இன்று பெரும்பாலான வீடுகளில் முதல் மறுகாலே தெருவில்தான் பாய்கிறது.

இதை வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னவர் சேகர் ராகவன் என்ற இயற்பியலாளர். 1990-களில் பெசன்ட் நகரில் தொடங்கினார். கடலோரம், மணற்பாங்கான நிலம். மழை சுலபமாக இறங்கும் மண். நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொண்டே போனால் உப்புநீர் உள்ளே ஏறும் என்ற பயம் அவரை நடக்க வைத்தது. 2002-ல் மந்தைவெளியில் மழைநீர் சேகரிப்புக்கான ரெயின் சென்டர் திறக்கப்பட்டது. 2003-ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல மழை பெய்த அடுத்த ஆண்டுகளில் சென்னையின் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது.

அந்தச் சட்டம் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். பல வீடுகளில் அது எப்படி நிறைவேறியது என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்ற பயத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, ஒரு குழாயைத் திருப்பி விட்டதோடு வேலை முடிந்தது. களிமண் பூமியில் அந்தக் குழி ஒரு மழைக்கே நிறைந்து நின்றுவிடும். களிமண்ணைத் தாண்டி மணல் படுகை வரைக்கும் துளை போட்டிருக்க வேண்டும். ஜல்லி இடுக்கெல்லாம் வண்டல் அடைந்து, எங்கே குழி இருந்தது என்பதே சில வீடுகளில் மறந்துபோயிற்று. குளத்தைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் நாம். சட்டம் குழியைத் தோண்ட வைத்தது. தூர்வாருகிற பழக்கத்தைச் சட்டத்தால் கொடுக்க முடியவில்லை.

அடுத்தது, வெளியே போகும் தண்ணீர். நெல்லைச் சீமை வீடுகளில் அங்கணத் தண்ணீர் புறவாசலில் வாழைக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாழை, குளித்த தண்ணீரில் கனகாம்பரம், கறிவேப்பிலை. நகரத்தில் அந்தத் தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் ஒரே குழாயில் சேர்த்துச் சாக்கடைக்கு அனுப்புகிறோம். குளியல், துணி துவைத்த தண்ணீரைத் தனியாகப் பிரித்து, கல்வாழை நட்ட மண்படுகையில் விட்டு, அங்கே சுத்தமாகித் தரைக்குள் இறங்கச் செய்யலாம் என்று சென்னையில் செய்து காட்டி, நகரத்தாருக்கென்று கையேடும் எழுதியவர் இந்துகாந்த் ரகடே. வேதியியல் படித்தவர் அவர். வீடு கட்டும்போதே இரண்டு குழாய் போட்டுவிட்டால் செலவு சொற்பம். கட்டிய வீட்டில் சுவரை உடைப்பது கஷ்டம். ராயகிரியில் இன்று அஸ்திவாரம் போடுகிறவர்கள் இதைக் கொத்தனாரிடம் இன்றே சொல்லிவிடலாம்.

செலவுப் பத்தியின் இரண்டாவது வரி குப்பை. சென்னையில் ஒரு நாளில் சேருவது ஐந்தாயிரம் டன்னுக்குக் குறையாது. பல பத்தாண்டுகளாக அது கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் மலையாகக் குவிந்தது. பெருங்குடிக் குப்பை மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே வளர்ந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகச் சேர்க்கப்பட்ட இடம் அது. கொடுங்கையூரில் குப்பை எரிகிற நாளில் அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள் அந்தக் குப்பையைப் போட்டவர்கள் அல்லர். இதைத்தான் அடுத்தவர் பேரேட்டில் நம் செலவை எழுதுவது என்கிறேன். இது எனக்கு உண்மையாகவே வேதனையான விஷயம்.

அந்தக் குப்பையில் பாதிக்கு மேல் காய்த்தோல், பழத்தோல், மிச்சச் சோறு, பூச்சரம். நம் ஊரில் எருக்குழிக்குப் போயிருக்க வேண்டியவை. நகரத்துச் சமையலறைக்கு ஏற்ற எருக்குழி மண்பானைதான். எப்படி என்று சொல்கிறேன், கவனியுங்கள்.

வாயகன்ற பெரிய மண்பானை இரண்டு. பக்கத்திலும் அடியிலும் சின்னச் சின்னத் துளைகள். அடியில் காய்ந்த சருகு ஒரு சாண் உயரம். அதன்மேல் அன்றைய காய்கறிக் கழிவு, பெரிய துண்டுகளை நறுக்கிப் போட வேண்டும். அதற்கு மேல் அதே அளவு சருகு. சருகு கிடைக்காத இடத்தில் தேங்காய் நார்க்கழிவு அல்லது மரத்தூள். நுண்ணுயிர் வேகமாகப் பெருகப் புளித்த மோர் கொஞ்சம் தெளிக்கலாம். மேலே மூடி. நாலைந்து நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். உள்ளே கை வைத்தால் சூடு தெரியும். வேலை நடக்கிறது என்று அர்த்தம். நாற்றம் அடித்தால் ஈரம் மிஞ்சிவிட்டது, சருகைக் கூட்டுங்கள். வெள்ளையாகக் கொழுத்த புழு நெளிந்தால் பலர் அலறி, பானையையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது கழிவைத் தின்று எருவாக்கும் ஈயின் புழு; யாரையும் ஒன்றும் செய்யாது, வேலை முடிந்ததும் தானே போய்விடும். ஒரு பானை நிறைந்ததும் அடுத்ததில் போட ஆரம்பிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் முதல் பானையில் இருப்பது கருப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்வாசனையோடு இருக்கும். பானை நிறையப் போட்டது கால் பானையாக இறங்கியிருக்கும். பேரூராட்சி வண்டிக்குப் போக வேண்டியதில் பாதிக்கு மேல் வீட்டிலேயே தீர்ந்துவிட்டது.

தனி வீட்டால் ஆகாததைத் தெரு செய்யும். 1989-ல் எம். பி. நிர்மல் சென்னையில் எக்ஸ்னோராவைத் தொடங்கினார். நூறு வீட்டுக்குக் குறைவான தெருவுக்கு ஒரு குழு. மூன்று சக்கர வண்டியுடன் ஒரு பணியாளர். வீட்டுக்கு வீடு சிறு தொகை வசூலித்து அவருக்குச் சம்பளம். தெருக்காரர்கள் தாங்களே கூடி நடத்திய ஏற்பாடு. பின்னால் எடைக்கு இவ்வளவு கூலி என்ற ஒப்பந்த முறை வந்தபோது பிரிப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. குப்பை கனக்கக் கனக்கப் பணம். 2016-ன் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்றன. நம் பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நல்ல பெயர். ஆனால் பிளாஸ்டிக் பையில் கட்டி, டயப்பரும் சாம்பாரும் கலந்து நாம் கொடுப்பதைத் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் பிரிக்கிற வரைக்கும் எந்த வளமும் அங்கே மீளாது.

தண்ணீரும் எருவும் கைக்கு வந்த பிறகுதான் செடி. இப்போது அந்தக் கத்தரிச் செடிக்கு இடம் உண்டு, கீரைக்கு அதைவிட அதிகமாக. கீரையை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், நகரத்தில் வாங்கும் உணவில் சீக்கிரம் வாடுவதும், எந்தத் தண்ணீரில் விளைந்தது என்று தெரியாமல் நாம் வாங்குவதும் அதுதான். சிறுகீரை மூன்று நாலு வாரத்தில் கைக்கு வரும். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். மணத்தக்காளி தானாக முளைக்கும். புதினாவும் கறிவேப்பிலையும் கடைக்குப் போகும் நடையைக் குறைக்கும். மாடி ஒழுகாதபடி தளம் சரிபார்க்காமல் மண் நிரப்பிய பையைத் தூக்கி வைக்கக் கூடாது. ஈரமண் கனம் மிகுந்தது. அதனால்தான் தேங்காய் நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். 2013-ல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானியத்தில் மாடித் தோட்டப் பொருள்கள் கொடுத்தது. வாங்கியவர்களில் மண்ணைப் புரிந்துகொண்டவர்கள் நிலைத்தார்கள். மண்ணைப் புரியவைத்ததில் இயற்கை வேளாண்மை அறிஞர் நம்மாழ்வாருக்குப் பெரிய பங்கு உண்டு. அவரும் நம் பக்கத்து மனிதர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம்: கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, 1969-ல் அதை விட்டு, களக்காட்டில் பத்தாண்டு கிராமங்களோடு வாழ்ந்தவர்.

ஒரு நகரம் முழுக்க இதைச் செய்த இடம் கியூபாவின் ஹவானா. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்ததும் எண்ணெயும் உரமும் வருவது நின்றது. பசி வந்தது. காலி மனைகளிலெல்லாம் வரப்புக் கட்டி, எரு நிரப்பிய மேட்டுப்பாத்திகளில் காய்கறி போட்டார்கள். அரசு நிலம் கொடுத்தது, ஆலோசகர்களை அனுப்பியது. ஹவானாவின் காய்கறியில் பெரும்பகுதி நகரத்துக்குள்ளேயே விளைந்தது. ஆனால் அப்போதும் கியூபா அரிசியைக் கப்பலில்தான் இறக்கியது. நான் முதலில் போட்ட கால் ஏக்கர் கணக்கு அங்கேயும் பொய்க்கவில்லை.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட் சூரியத் தகடு, நாளுக்குச் சுமார் நாலு யூனிட். 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். சொந்த மாடி இருப்பவர்கள் செய்யலாம்.

சொந்த மாடி இல்லாதவர்கள்? நம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் ஆணி அடிக்கவே விடமாட்டார், உறிஞ்சுகிணறு எங்கே தோண்டுவது? தற்சார்பு பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள்; இது ஒரு பெரிய குறை. வாடகைக்கு இருப்பவர் பானையை வைக்கலாம், வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். வாஷிங் மெஷின் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரையும் அப்படியே. ஜன்னலோரம் இரண்டு தொட்டி வைக்கலாம். எல்லாவற்றையும் விட, நலச்சங்கக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, சம்ப்புக்கு மழைக்குழாயை இணைக்கச் சொல்லி வாயைத் திறக்கலாம். மாதாமாதம் தண்ணீர் லாரிக்குப் பங்கு கொடுக்கிறவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றேன். அப்படி வருவதைத் தெரிந்த கையிலிருந்து வாங்குவது குமரப்பா சொன்ன தூரத்தைக் குறைக்கிற வழி. புளியங்குடி எலுமிச்சை சென்னைக் கடையில் எவ்வளவு விற்கிறது, தோட்டத்தில் பறித்தவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று உங்களில் எலுமிச்சை வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். உங்கள் பிள்ளை இருக்கும் அடுக்ககத்தில் நாற்பது வீடு இருக்கலாம். அந்த நாற்பது வீட்டுக்கும் ஆண்டு அரிசியும் மாதாந்திர எலுமிச்சையும் தேங்காயும் இங்கிருந்து பேசி வைத்த விலைக்குப் போகலாம். ரயிலில் ஒரு பையாகப் போவதை லாரியில் ஒரு சுமையாக்குவதுதான் வேலை. இதைக் கூடிச் செய்ய நாலு விவசாயிகளும், அங்கே கணக்கு வைத்துக்கொள்ள ஒரு பிள்ளையும் போதும்.

ராயகிரிக்கு ஒரு வேண்டுகோள். இங்கே புறவாசல்கள் சிமெண்டுத் தளம் ஆகிக்கொண்டிருக்கின்றன. கிணற்றை மூடி போர் போடுகிறார்கள். கேன் தண்ணீர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. சென்னை இருபது ஆண்டுக்கு முன் செய்த பிழைகளை நாம் இப்போது புதிதாகச் செய்ய வேண்டாம். மூடாத கிணறு இருப்பவர்கள் மாடிக் குழாயை அதில் இறக்குங்கள். புரட்டாசி முடிவதற்குள் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் அடைத்த சருகை எடுத்து, வடிகட்டித் தொட்டியின் கூழாங்கல்லைக் கழுவிப் போட வேண்டும். முதல் இரண்டு மழையை வெளியே விட ஒரு திருகு மூடி. மூன்றாவது மழையிலிருந்து கிணற்றுக்கு.

வடிகட்டித் தொட்டியின் அளவுகளை வரைந்து கொண்டு வந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. கொத்தனார்கள் யாராவது வந்திருந்தால் பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எத்தனை அடியில் களிமண் முடிந்து சரளை வருகிறது என்று கிணறு வெட்டியவர்கள் சொன்னால், எத்தனை உறை வேண்டும் என்று இங்கேயே கணக்குப் போட்டுவிடலாம்.